"வீட்டுக்குப் போகணும்" என்று அவர்கள் கேட்கும்போது

பராமரிப்பு இல்லத்தில் 11 வருடமாக வேலை செய்கிறேன். புதிதாகச் சேருபவர்கள் அதிகம் தடுமாறுவது சாயங்காலத்தில்தான். நாலு, ஐந்து மணி ஆனதும் டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள பலருக்கு ஒரு தவிப்பு வரும். பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். "வீட்டுக்குப் போகணும், பையன் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துடுவான்" என்பார்கள். பையனுக்கு 60 வயது.

திருத்தாதீர்கள். கணவரைத் தேடிய ஒரு அம்மாவிடம், "அவர் இறந்து ரொம்ப நாளாச்சும்மா" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அந்தச் சாவுச் செய்தியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல அழுதார். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

பின்னாலிருந்து கூப்பிடாமல், முன்னால் வந்து கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். "பையன் பேர் என்ன? சேட்டை பண்ணுவானா?" என்று கேட்டபடி கூடவே நடங்கள். நடை தளர்ந்ததும் கழிப்பறைக்குப் போக வேண்டுமா, பசிக்கிறதா, எங்கேயாவது வலிக்கிறதா என்று பாருங்கள். பல நாள் காரணம் அதில்தான் இருக்கும். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுத் திரையை இழுத்துவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே யாரோ என்று பயப்படுபவர்கள் உண்டு.

குளியல் இன்னொரு போராட்டம். அறையை முதலில் கதகதப்பாக்குங்கள். தோளில் துண்டைப் போர்த்தி, தண்ணீரைக் கையில் தொட்டுப் பார்க்கச் சொல்லி, காலிலிருந்து தொடங்குங்கள். தலை கடைசியில். மறுத்தால் விட்டுவிட்டு 20 நிமிடம் கழித்து வாருங்கள். அப்போதும் முடியாதா? சரி, ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

நேற்று நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினாலோ, எந்நேரமும் தூங்கி வழிந்தாலோ, நோய் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, புது மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே நர்ஸிடம் சொல்லுங்கள். லூயி பாடி வகை டிமென்ஷியா என்றால் கோப்பின் முதல் பக்கத்திலேயே அது இருக்க வேண்டும். தவிப்பை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் அவர்களைப் படுமோசமாக்கிவிடலாம்.

அப்புறம், குடும்பத்தாரிடம் ஒரு தாள் எழுதி வாங்குங்கள்: என்ன வேலை பார்த்தார், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், எதற்குப் பயப்படுவார். கணவரைத் தேடிய அந்த அம்மா தையல்காரர் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. இப்போது சாயங்காலமானால் துணிக்கூடையை அவர் மடியில் வைக்கிறேன். ஓரம் பிசகாமல் மடித்துத் தருகிறார்.