சிங்கப்பூர் வாடகை வீடுகளுக்கு மாத மளிகை: தொண்டூழியர் குழு நடத்துவது எப்படி?

அரிசி வாங்கப் போகும் முன் தொலைபேசியை எடுங்கள். அந்த வட்டாரத்துக் குடும்பச் சேவை நிலையத்தையும் வசிப்போர் கட்டமைப்பையும் (அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர் குழு) அழைத்து, “இந்த புளோக்கில் ஏற்கெனவே யார், எந்த வாரம், என்ன கொடுக்கிறார்கள்?” என்று கேளுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு வாடகைக்கு விடும் ஓரறை, ஈரறை அடுக்குமாடி புளோக்குகள் எல்லாக் குழுக்களுக்கும் தெரிந்தவை. ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று குழுக்கள் ஐந்து கிலோ அரிசியோடு வந்து நிற்பதும், அதற்கு அடுத்த புளோக்கை யாரும் எட்டிப் பார்க்காததும் இங்கே வழக்கம். கட்டிலுக்கடியில் அரிசி வண்டு பிடித்துக்கொண்டிருக்கும், அடுப்பங்கரையில் சொட்டு எண்ணெய் இருக்காது. மற்றவர்கள் அரிசி கொடுத்தால் நீங்கள் எண்ணெய், முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு கொடுங்கள்.

பிறகு பட்டியல். இந்த வேலையில் பாதி அதுதான். கதவு கதவாகத் தட்டிப் பெயர் எழுதக் கிளம்பாதீர்கள். சேவை நிலையத்தின் சமூக ஊழியர் பரிந்துரைக்கும் வீடுகளிலிருந்து தொடங்குங்கள். அதோடு நிறுத்தவும் கூடாது. உணவு வங்கி அமைப்பான ஃபுட் பேங்க் சிங்கப்பூருக்காகச் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் லியன் மையம் 2019இல் நடத்திய ஆய்வில், முந்தைய 12 மாதங்களில் ஒரு முறையாவது போதிய உணவு கிடைக்காமல் தடுமாறிய குடும்பங்கள் ஏறத்தாழ பத்தில் ஒன்று. அவர்களில் பெரும்பாலோர் எந்த உணவு உதவியையும் நாடவில்லை. வெட்கம் ஒரு காரணம், “நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்களே” என்ற எண்ணம் இன்னொன்று. கீழ்த்தளத்தில் வரிசை பிடிக்கச் சொன்னால் இவர்கள் வரவே மாட்டார்கள். அதனால்தான் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், பையில் சின்னம் அச்சடிப்பதில்லை, வாங்குகிறவரைப் படம் எடுப்பதில்லை.

பட்டியலில் வீட்டு எண், கூப்பிடும் பெயர், ஆள் எண்ணிக்கை, பேசும் மொழி, சைவமா, ஹலாலா, நீரிழிவு உண்டா, அடுப்பு இருக்கிறதா என்பவை போதும். அடையாள அட்டை எண் கேட்கவே கேட்காதீர்கள்; 2019 செப்டம்பரிலிருந்து அதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது, உங்களுக்கு அது தேவையும் இல்லை. புதியவர்கள் அநேகமாகத் தவறவிடும் ஒன்று: ஓரறை வீட்டில் உறவில்லாத இருவர் சேர்ந்து வாடகைக்கு இருப்பார்கள். பெரும்பாலும் தனித்தனியாகச் சமைப்பார்கள், சில வீடுகளில் பேச்சுவார்த்தைகூட இருக்காது. ஒருவரிடம் கொடுத்த பை மற்றவருக்குப் போகாது. ஆகவே கதவை எண்ணாதீர்கள், உலையை எண்ணுங்கள்.

நான்கு பேர் குடும்பத்துக்கான பை: அரிசி 5 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், மீஹூன் (அரிசிச் சேமியா) 400 கிராம் பாக்கெட் இரண்டு, சார்டின் சிறிய டின் நான்கு, துவரம்பருப்பு 500 கிராம், ஓட்ஸ் 500 கிராம். ஏறக்குறைய எட்டரை கிலோ வரும். ஒருவருக்கு நாளைக்கு 150 கிராம் என்று வைத்தால் இந்த அரிசி எட்டு நாளைக்குத்தான் வரும். “மாத மளிகை” என்று நாம் சொன்னாலும், வீட்டாரிடம் அப்படி நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது. தனியாக இருக்கும் முதியவருக்கு இரண்டரை கிலோ அரிசி போதும், பையும் தூக்கும் எடையில் இருக்கும். டின் எல்லாம் வளையம் இழுத்துத் திறப்பதாகப் பாருங்கள், டின் திறப்பான் இல்லாத வீடுகள் நிறைய. அடுப்பில்லாமல் மின்கேத்தல் மட்டும் வைத்திருப்பவருக்கு அரிசியாலும் பருப்பாலும் பயனில்லை. ஓட்ஸையும் பிஸ்கட்டையும் கூட்டுங்கள். கெட்டிப்பாலும் த்ரீ-இன்-ஒன் காப்பியும் நன்கொடையில் குவியும். நீரிழிவு என்று குறித்திருக்கும் வீடுகளுக்கு அவை போகக் கூடாது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனிப் பை கட்டப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள். அடிப்படையில் இரண்டே வகை போதும், மேலே சொன்ன மாற்றங்களை அதிலேயே செய்துகொள்ளலாம். பொதுப் பை முழுக்க ஹலால் முத்திரையுள்ள பொருள்கள், பன்றியும் மாட்டிறைச்சியும் இல்லாதவை. இதைச் சைவர் அல்லாத யாருக்கும் கொடுக்கலாம். சைவப் பையில் சார்டினுக்குப் பதிலாகக் கூடுதல் பருப்பும் கடலையும் இருக்கும். சைவப் பையின் கைப்பிடியில் பச்சை நாடா கட்டிவிடுங்கள். காலாவதிக்கு எட்டு வாரம்கூட இல்லாத பொருளைப் பையில் போடாதீர்கள், காலாவதித் தேதியை வாங்குமிடத்திலேயே பாருங்கள். நன்கொடை கேட்கும்போது “உணவுப் பொருள் தாருங்கள்” என்றால் மேகி வந்து நிற்கும். “ஒரு லிட்டர் எண்ணெய், 60 புட்டி” என்று கேளுங்கள். சீனப் புத்தாண்டு, நோன்பு மாதம், தீபாவளி சமயங்களில் எல்லாரும் கொடுப்பார்கள். அடுத்த மாதத்துக்குத் தள்ளித் தர முடியுமா என்று தயங்காமல் கேட்கலாம்.

கீழ்த்தளத்தில் பை கட்ட நகர மன்றத்தின் அனுமதி வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மேசைகளை ‘ப’ வடிவில் போட்டு, ஒருவருக்கு ஒரு பொருள் என்று நிறுத்துங்கள். துணிப்பைதான் தாங்கும், மெல்லிய பிளாஸ்டிக் பையை டின் விளிம்பு கிழித்துவிடும். அரிசி அடியில், டின்கள் ஓரத்தில், எண்ணெய் நிமிர்ந்தபடி, மீஹூன் மேலே. எண்ணெய்ப் புட்டியை ஒருமுறை கவிழ்த்து மூடி கசிகிறதா என்று பாருங்கள், ஒரு புட்டி கசிந்தால் தள்ளுவண்டியில் உள்ள பாதிப் பைகள் வீண். வரிசைக் கடைசியில் பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று இருக்கட்டும். பை 400 கிராம் குறைந்தால் ஒரு மீஹூன் விட்டுப்போயிருக்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

60 பை என்றால் அரை டன்னுக்கு மேல். 150 கிலோ தாங்கும் தள்ளுவண்டியில் 15 பை ஏற்றுங்கள், நான்கு நடை ஆகும். மேல்மாடியில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒருவர் மின்தூக்கி அருகில் வண்டியோடு நிற்க, இருவர் வாசலுக்குப் போகட்டும். மக்சிக், பக்சிக் (மலாயில் அத்தை, மாமா), ஆன்ட்டி, அங்கிள், அம்மா, ஐயா என்று அவரவருக்கு உரிய முறையில் கூப்பிட்டால் கதவு சீக்கிரம் திறக்கும். “போன மாதப் பையில் எது மிச்சம் இருக்கிறது?” என்று ஒன்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “நல்லா இருந்துச்சா?” என்றால் எல்லாரும் நன்றி சொல்வார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. ஆள் இல்லாத வீட்டுக் கிரில்லில் மாட்டிவிட்டு வராதீர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை ஏழு மணிக்கு இன்னொரு சுற்று வையுங்கள்.

சமைத்த உணவு வேறு உலகம். கோவில் அன்னதானத்தில் மிஞ்சியது, திருமண பிரியாணி என்று திடீரென்று அழைப்பு வரும். 5 முதல் 60 டிகிரி வரைதான் கிருமி பெருகும் சூடு, சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். டப்பாவில் சமைத்த நேரத்தை எழுதினால் யாரும் கணக்குப் போடமாட்டார்கள். “மதியம் 2 மணிக்குள் சாப்பிடவும்” என்று எழுதுங்கள், மாண்டரினிலும் மலாயிலும்கூட. எப்போது சமைத்தது என்று கொடுப்பவருக்கே தெரியவில்லையா, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உணவு நன்கொடையாளரைப் பாதுகாக்கும் சட்டம் 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் உணவு கொடுக்கும்போது பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும், எப்படிக் கையாள்வது, எத்தனை மணிக்குள் உண்பது என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். சட்டத்தை நம்பிக் கெட்டுப்போனதைக் கொடுக்க முடியாது.

பண விஷயம்: தனிநபர் பேநவ் (கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் சேவை) எண்ணுக்கு நன்கொடை வாங்காதீர்கள். தெருவிலோ வீடுவீடாகவோ வசூலிக்க அனுமதி தேவை. பத்துப் பேர் சேர்ந்தாலே சங்கமாகப் பதியச் சொல்லும் சங்கச் சட்டம் பொருந்தும் என்பதால், தொடக்கத்தில் ஒரு கோவிலோ சமூக மன்றமோ பதிவான அறநிறுவனமோ உங்களைத் தன்கீழ் சேர்த்துக்கொள்வது எளிது.

குழுக்கள் உடைவது பெரும்பாலும் பணத்தால் அல்ல. ஓர் அண்ணனிடமே சாவி, பட்டியல், மளிகைக் கடைக்காரர் எண், எல்லாம் இருக்கும். அவருக்கு வேலை மாறினால் அடுத்த மாதம் பை இல்லை. பட்டியல், கொள்முதல், பை கட்டுதல், விநியோகம், கணக்கு என ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை துணையே முழுவதும் செய்யட்டும், பொறுப்பாளர் அன்று வீட்டில் இருக்கட்டும். கொள்முதல் செய்கிறவர் கணக்கு எழுதக் கூடாது. படிப்புக்கான சமூகச் சேவை நேரத்துக்காக வரும் மாணவர்களை வரவேற்றுப் பை கட்ட விடுங்கள், பட்டியலைக் கொடுக்காதீர்கள். தேர்வு வந்ததும் காணாமல் போவார்கள், அது அவர்கள் தப்பும் இல்லை. விநியோகம் முடிந்த அன்றே மிஞ்சிய பைகளை எண்ணிப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து கதவு திறக்காத வீட்டின் எண்ணை அன்று மாலையே சமூக ஊழியருக்கு அனுப்பிவிடுங்கள்.