யூஎஸ்ஆர் வருமுன் எழ வேண்டிய டெமன்

டெபியன் 7 என்ற லினக்ஸ் ஓடிய ஒரு சர்வர். பல நிரல்களும் நூலகங்களும் இருக்கும் யூஎஸ்ஆர் (/usr) அடைவு அதில் தனி பார்ட்டிஷன்; பூட்டில் சற்றுப் பிந்தியே மவுண்ட் ஆகும், அதாவது இணைக்கப்படும். வட்டுகளைக் கண்காணிக்க நானே எழுதி டெப் பொதியாக்கிய (டெபியனில் நிறுவும் வடிவம்) சிறிய டெமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், பூட் ஆகும்போது மட்டும் எழவே எழாது. உள்ளே நுழைந்து கையால் இயக்கினால் ஒழுங்காக ஓடும். லாகில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு இரவுகள் என் நிரலையே சந்தேகப்பட்டேன்.

சீரியல் கன்சோலில் பார்த்தபோதுதான் தெரிந்தது: பகிர்வு நூலகம் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பு) ஒன்றைத் திறக்க முடியவில்லை, வெளியேறும் எண் 127. என் நிரலின் மெயின் தொடங்கும் முன்பே, நூலகங்களை ஏற்றும் டைனமிக் லிங்கர் நின்றுவிட்டது. பிறகு லாக் எங்கிருந்து வரும்?

ஒரு நிரலுக்கு வேண்டிய நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி ஓட்டினேன். டெமன் இருந்தது யூஎஸ்ஆருக்கு வெளியே, எஸ்பின்னில் (/sbin). அதற்கு வேண்டிய லிப்கர்ல் (நெட்வொர்க் வழியே தரவு அனுப்பும் கர்ல் நூலகம்) யூஎஸ்ஆருக்குள். அது இழுத்து வந்த நூலகங்கள் பலவும் அங்கேதான். பொதிக்கு வேண்டிய மற்றப் பொதிகளைக் கண்டறியும் டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் சார்புகளைச் சரியாகவே எழுதியிருந்தது. ஆனால் நூலகம் எந்தப் பொதியில் இருக்கிறது என்பதோடு அதன் வேலை முடிந்தது; அந்த நேரத்தில் அது மவுண்ட் ஆகியிருக்குமா என்பதைப் பொதி செய்பவர்தான் பார்க்க வேண்டும்.

நூலகத்தை ஸ்டாட்டிக்காக, அதாவது நிரலுக்குள்ளேயே சேர்த்து, இணைக்க மனம் வரவில்லை. பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் மறுபடி கட்ட வேண்டும். கர்ல் தேவைப்பட்டது எச்சரிக்கை அனுப்ப மட்டுமே. அந்தப் பகுதியைத் தனி நிரலாகப் பிரித்து, நெட்வொர்க் வந்தபின் ஓடவிட்டேன். டெமனுக்கு யூஎஸ்ஆருக்கு வெளியே இருந்த லிப்சி (அடிப்படை சி நூலகம்) மட்டுமே போதுமானதாயிற்று. அடுத்த பூட்டிலேயே எழுந்தது.

டெபியன் 8 முதல், பூட்டின் தொடக்கத்தில் ஓடும் தற்காலிகக் கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸே யூஎஸ்ஆரை மவுண்ட் செய்துவிடுகிறது. ஆனாலும் நிரல் ஓடும்போதே டிஎல்ஓப்பன் என்ற அழைப்பு வழியாக ஏறும் நூலகங்கள் எல்டிடியில் தெரியாது. அதற்காக இன்றும், நிரல் திறக்கும் கோப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.