ஜெய்சால்மர் பாலைவனத்தில் பாறைகளைப் படிக்கும் முறை

மேற்கு ராஜஸ்தானின் ஜெய்சால்மருக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் பொன்னிறக் கோட்டையையும் சாம் மணற்குன்றுகளையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே, சாலையின் இருபுறமும் மண்மூடாமல் வெறுமையாகக் கிடக்கும் பாறைத்தரையை வாகனத்தை நிறுத்திப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர் அளவே பெய்யும் அந்த மாவட்டத்தில் மண் அடர்ந்து திரள்வதில்லை, செடிகொடிகள் பாறையை மூடுவதுமில்லை. நம் ஊர்ப்பக்கம் கிணறு வெட்டும்போதோ, சாலைக்காக மேட்டை அறுக்கும்போதோ மட்டுமே காணக்கிடைக்கும் பாறை அடுக்குகள் அங்கே நடந்து பார்க்கும் தொலைவில் திறந்து கிடக்கின்றன. புவியியல் படிக்காதவரும், சில எளிய முறைகளைப் பழகிக்கொண்டால், மூன்றே நாட்களில் அவற்றின் வரிசையைத் தாமாகவே கண்டறிந்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது திசை. அப்பகுதியின் படிவுப் பாறைகள் கிடைமட்டமாக இல்லை. வடமேற்கு நோக்கி மிக மெல்லிய சாய்வுடன், ஒரு பக்கமாகச் சரிந்துவிட்ட ஏட்டுக்கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆகவே தென்கிழக்கில் அடி ஏடுகளும் வடமேற்கில் மேல் ஏடுகளும் தரையில் தலைகாட்டுகின்றன. லாட்டி ஊரிலிருந்து ஜெய்சால்மர் வழியாக ராம்கர் நோக்கிப் பயணம் செய்பவர், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறையில் தொடங்கி, 5 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறையில் போய் நிற்கிறார். திரும்பி வரும்போது காலம் பின்னோக்கி நகர்கிறது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வரிசையில் வந்து அமரும்.

இந்தச் சாய்வைக் கண்ணால் உறுதிசெய்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. தொலைவில் தெரியும் மேடுகளை நோக்குங்கள்: தென்கிழக்கு முகம் செங்குத்தாக வெட்டியது போலவும், வடமேற்கு முகம் நீண்டு தாழ்ந்து செல்வதாகவும் இருக்கும். கடினமான சுண்ணாம்புக்கல் அல்லது மணற்கல் அடுக்கு மேலே கூரையாகவும், மென்மையான களிக்கல் கீழே அரிக்கப்பட்டும் இருப்பதால் உண்டான வடிவம் அது. இரண்டாவது வழி இன்னும் எளியது. மணல் படியாத, தட்டையான அடுக்கின் பரப்பைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் கையளவு தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். அது முதலில் தயங்கிப் பரவி, பிறகு ஒரு நாக்கை நீட்டி ஒரே பக்கமாக ஓடும். ஓடும் திசையைத் திசைகாட்டியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே அடுக்கின் சாய்வுத் திசை. இதே சோதனையை மூன்று நான்கு இடங்களில் செய்தால், ஓரிடத்துப் பாறை உடைந்து புரண்டு கிடந்ததால் ஏற்பட்ட பிழையைத் தவிர்க்கலாம்.

உடன் கொண்டுசெல்ல வேண்டியவை அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், திசைகாட்டி, ஓர் இரும்பு ஆணி, கோடு போட்ட குறிப்பேடு, பென்சில், அளவுக்காக ஒரு நாணயம், தெளிப்பான் பொருத்திய தண்ணீர்க் குப்பி ஆகியவை போதும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பல புத்தகங்களில் பரிந்துரைக்கப்பட்டாலும், பயணத்தில் அதைச் சுமப்பது ஆபத்து. வினிகர் ஒரு சிறு குப்பியில் போதும். பாறையை ஆணியால் சுரண்டித் தூளாக்கி அதன்மேல் இரண்டு சொட்டு விட்டு, லென்ஸ் வழியே பார்த்தால், சுண்ணாம்புக்கல்லாயின் நுண்ணிய குமிழிகள் எழும். மணற்கல்லில் ஒன்றும் நிகழாது. ஆனால் ஜெய்சால்மரின் மஞ்சள் பாறைகளில் பல மணலும் சுண்ணாம்பும் கலந்தவை. மணற்பருக்கைகளுக்கு இடையிலுள்ள பசை மட்டும் குமிழிவிடும். அப்படிப்பட்டதை ஒரே சொல்லில் பெயரிட முயலாமல், பார்த்ததை அப்படியே எழுதிவைப்பதே நல்லது. சுத்தியலை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். காற்றும் வெயிலும் அங்கே ஏற்கெனவே போதுமான அளவு உடைத்து வைத்திருக்கின்றன.

பயணத்தை அகலில் தொடங்குங்கள். ஜெய்சால்மரிலிருந்து பார்மர் சாலையில் சுமார் 17 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அகல் கல்மரப் பூங்கா, இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தால் தேசியப் புவியியல் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பெருமரங்களின் அடித்தண்டுகள், சிலவற்றின்மேல் இரும்புக் கம்பிவலையும் தகரக் கூரையும் போடப்பட்டு, லாட்டி மணற்கல்லில் கிடக்கின்றன. மிக நீளமானது சுமார் 13 மீட்டர். திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கல்மரம் பார்த்தவர்களுக்குக் காட்சி பழக்கமானதாகத் தோன்றும். ஆனால் இவை அவற்றைவிட மிகப் பழையவை, பூக்கும் தாவரங்கள் பரவாத ஜுராசிக் காலத்தவை. ஆற்று மணலில் விரைந்து புதையுண்ட மரத்துக்குள் நிலத்தடி நீர் கொண்டுவந்த சிலிக்கா நிறைந்ததால், மரம் சுற்றியிருந்த மணற்கல்லைவிடக் கடினமாகிவிட்டது. அதனால்தான் மணற்கல் காற்றில் தேய்ந்து போனபோதும் மரம் மட்டும் எஞ்சி நிற்கிறது. கம்பிவேலிக்கு வெளியே தரையில் கிடக்கும் சிறு சில்லுகளைக் குனிந்து லென்ஸில் பாருங்கள். நார்களின் ஓட்டம் சன்னமான இணைகோடுகளாகத் தெரியும். மேலே தண்ணீர் தெளித்தால் கோடுகள் இருண்டு இன்னும் தெளிவாகும். இதே லாட்டி மணற்கல்தான் பூமிக்கடியில் இறங்கிச் செல்லும்போது அந்த மாவட்டத்தின் முக்கியமான நிலத்தடி நீர்த்தேக்கமாகவும் இருக்கிறது. பாலைவனத்து மக்கள் இன்று குழாய்க்கிணற்றில் இறைக்கும் நீர், அந்தப் பழைய ஆற்றுமணலின் இடுக்குகளில் தங்கியதே.

அங்கிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில் ஆறு பின்வாங்கிக் கடல் முன்னேறுகிறது. கோட்டை நிற்கும் குன்றே இந்த மாற்றத்துக்குச் சான்று; 'ஜெய்சால்மர் படிவம்' எனப்படும் பாறை அடுக்குத் தொகுதியின் ஓர் உட்பிரிவுக்குப் புவியியலாளர் 'கோட்டை உறுப்பு' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். 1156ஆம் ஆண்டு ராவல் ஜெய்சல் எழுப்பிய அக்கோட்டையின் சுவர்களில், கண்ணுக்கு நேராக, சிப்பி ஓடுகளின் குறுக்குவெட்டுகள் பிறை வடிவக் கோடுகளாகத் தெரிகின்றன. காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் ஒரு சந்துச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் நின்று பார்க்கும்படி நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். உயிரினங்களை அடையாளம் காணக் கண்ணைப் பழக்கும் பள்ளிக்கூடம் அதுதான். ஆனால் அது கண்ணை மட்டுமே பழக்கும், காலத்தைக் கற்பிக்காது. ஏனெனில் சுவரில் உள்ள கல் எந்த அடுக்கிலிருந்து வெட்டப்பட்டது, எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்பதெல்லாம் கொத்தனாரின் கையில் தொலைந்துவிட்டன.

ஓடுகளைப் பார்க்கும்போது ஒரு பாகுபாட்டைப் பழகிக்கொள்ளுங்கள். நம் கடற்கரையில் பொறுக்கும் மட்டி, சிப்பி வகையில் இரண்டு மூடிகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல இருக்கும். ஆனால் ஒரு மூடியைத் தனியாக எடுத்து நடுவே கோடு போட்டால் இருபுறமும் ஒத்துப்போகாது. பிராக்கியோபாட் என்னும் பழைய வகையிலோ இதற்கு நேர்மாறு: ஒரு மூடியின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சரிசமமாக இருக்கும், ஆனால் இரண்டு மூடிகளும் அளவில் வேறுபடும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் குல்தரா ஊரைச் சுற்றியுள்ள பாறைகளில் நீங்கள் காண்பவற்றில் பெரும்பகுதியைப் பிரித்துவிடலாம். அங்கே மீன்முட்டை போன்ற சிறு உருண்டைகள் நெருங்கிய ஊலைட் சுண்ணாம்புக்கல்லும், சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரிகளான அம்மோனைட்டுகளும் உண்டு. ஊலைட் உருண்டை உயிரினமல்ல. அலை புரட்டிய ஆழமற்ற கடல்நீரில் ஒரு சிறு துகளைச் சுற்றிச் சுண்ணாம்பு படலம் படலமாக ஒட்டி உருவானது. அதைக் கண்டால், இங்கே வெதுவெதுப்பான, கலங்கலில்லாத கடலோரம் இருந்தது என்று துணிந்து எழுதலாம்.

இந்த ஜெய்சால்மர் படிவத்திலிருந்துதான் 2021இல் ஸ்ட்ரோஃபோடஸ் ஜெய்சால்மரென்சிஸ் என்ற சுறாவின் பற்களும், 2023இல் தாரோசாரஸ் இண்டிகஸ் என்ற நீள்கழுத்துத் தாவர உண்ணி டைனோசரின் எலும்புகளும் விவரிக்கப்பட்டன. பின்னதன் வயது 16.7 கோடி ஆண்டு என்று கூற முடிந்ததற்குக் காரணம் எலும்பு மட்டுமல்ல. அது எந்த அடுக்கில் கிடந்தது என்பது ஐயமின்றித் தெரிந்ததும் ஆகும். ஒரு பயணி அந்த எலும்பைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் அது வீட்டு அலமாரியில் பெயரில்லாத கல்லாக இருந்திருக்கும். எதையும் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. அகல் பூங்காவில் எடுப்பது குற்றமும்கூட.

லோதர்வா தாண்டி வடமேற்கே செல்லச் செல்ல, களிக்கல்லும் ஜிப்சமும் கலந்த பைசாகி படிவத்தின் தாழ்நிலமும், பிறகு இரும்புச்சத்தால் துருநிறம் கொண்ட படாசர் மணற்கல் மேடுகளும், அதன்பின் இலைத் தடங்கள் கிடைக்கும் பரிவார் மணற்கல்லும் வரும். வெயிலில் பளபளக்கும் ஜிப்சத் தகட்டை நகத்தாலேயே கீறிவிடலாம். சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டைக் கீற ஆணி வேண்டும். அகலின் கல்மரத்தில் ஆணியும் வழுக்கும். இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம்.

நிற்க வேண்டிய இடம் ஹாபூர். ஜெய்சால்மரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூரின் பழுப்புச் சிவப்புச் சுண்ணாம்புக்கல்லை மெருகேற்றினால், மஞ்சளும் செந்நிறமுமான ஓட்டுத் துண்டுகள் கோலமாவில் தூவிய இதழ்கள் போல வெளிவரும். அதில் செய்த கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தால் உறைமோர் இல்லாமலே தயிராகும் என்று அங்குள்ள மக்கள் சொல்வார்கள். கடைகளில் கிண்ணங்கள் விற்கிறார்கள். புவியியலாளருக்கு அதன் மதிப்பு வேறு. அதிலுள்ள அம்மோனைட்டுகள், ஜுராசிக்கை அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியை, ஏறத்தாழ 11 முதல் 12 கோடி ஆண்டுக்கு முன்பைக் காட்டுகின்றன. அம்மோனைட்டை நத்தையிலிருந்து பிரித்தறிவது எளிது: அது கடிகாரச் சுருள்வில்போல ஒரே தளத்தில் சுருளும், பெரும்பாலான நத்தைகள் போலக் கூம்பாக உயராது. ஓடு கழன்று உள்ளச்சு மட்டும் எஞ்சியிருந்தால், அறைகளைப் பிரித்த சுவரின் விளிம்பு பாசி படர்ந்தாற்போல நெளிந்து செல்லும் கோடாகத் தெரியும்.

ஹாபூரை அடுத்துத் தரையில் வரும் சானு மணற்கல்லோ ஏறத்தாழ 6 கோடி ஆண்டுப் பழமை மட்டுமே உடையது. இடையில் 5 கோடி ஆண்டுகளுக்குரிய ஏடுகள் தரையில் இல்லை. கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதிப் படிவுகள் மேற்கே ஆழ்துளைக் கிணறுகளில் கிடைக்கின்றன, மேலே தென்படுவதில்லை. கண்ணெதிரே உள்ளதைப் படிப்பதுபோல இல்லாததையும் படிக்கப் பழகுவதற்கு இந்த இடைவெளி அருமையான வாய்ப்பு. குறிப்பேட்டில் அந்த இடத்தில் ஒரு நெளிகோடு போட்டுவையுங்கள். இங்கே விடுபட்ட காலத்தின் கடல் எப்படியிருந்தது என்று அறிய விரும்பும் தமிழர் அலைய வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டம் காரையின் செம்மண் ஓடைகளிலும் அரியலூரின் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் அது கிடைக்கிறது.

அடுத்துக் குய்யாலா, பண்டா ஆகிய படிவங்கள். இங்கே தரையில் பயறளவிலும் நாணய அளவிலும் வட்டத் தட்டுகள் உதிர்ந்து கிடக்கும். அவை நும்முலைட்டுகள், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுக்கு முந்தைய இயோசீன் காலத்துக் கடலடியில் வாழ்ந்த ஒற்றைச் செல் உயிரிகளின் கூடுகள். கீசா பிரமிடுகளின் கல்லிலும் இவ்வகைக் கூடுகள் நிறைந்துள்ளன. முழுத்தட்டு வழவழப்பாக, ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும். இயல்பாகவே இரண்டாகப் பிளந்த ஒன்றைத் தேடி, உட்பரப்பை நனைத்து, லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு தரையருகே குனியுங்கள். நடுப்புள்ளியிலிருந்து முறுக்குப் பிழிந்ததுபோலச் சுற்றுச் சுற்றாக விரியும் சுவரும், ஒவ்வொரு சுற்றையும் நூற்றுக்கணக்கான சிற்றறைகளாகப் பிரிக்கும் தடுப்புகளும் தெரியும். இத்தனை அறைகளையும் கட்டியது ஒரே ஒரு செல் என்பதை எத்தனை முறை பார்த்தாலும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிந்ததில்லை. இதே பகுதியில் முகத்தில் பூசும் முல்தானி மிட்டியும் வெட்டி எடுக்கப்படுகிறது.

ஏமாற்றும் உருவங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாறை விரிசல்களில் பெரணி இலைபோலப் படர்ந்திருக்கும் கருங்கோலங்கள் பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடின் படிவுகள்; இலையாயின் நரம்பும் ஓரமும் இருக்க வேண்டும், இவை நடுநரம்பின்றிக் கிளைத்துக்கொண்டே போகும். உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று காட்டுபவர்கள் உண்டு. ஓட்டுக்குரிய மெல்லிய தனிப்படலமும் அதன் துளைகளும் இல்லாதது முட்டையாகாது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையே இந்தப் பயணத்துக்கு ஏற்ற காலம். நாளொன்றுக்கு ஆளுக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் குடிநீர் வையுங்கள். பாறையை நனைக்கும் நீர் தனி. சுருட்டை விரியன் கற்களின் அடியில் ஒடுங்கியிருக்கும், ஆகவே எந்தக் கல்லையும் வெறுங்கையால் புரட்டாதீர்கள். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குள் செல்ல மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. ராம்கருக்கு அப்பால் போக எண்ணினால் ஜெய்சால்மரிலேயே விசாரித்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குறிப்பெழுதும்போது உயிரியைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் இடமும் நாளும், அடுத்துப் பாறையின் நிறமும் பருக்கையும், வினிகர் சோதனையின் முடிவு, சாய்வுத் திசை, கீழே என்ன அடுக்கு, மேலே என்ன அடுக்கு. அதற்கும் பிறகே ஓடு, தண்டு, எலும்பு. படமும் இரண்டு எடுக்க வேண்டும்: பக்கத்தில் நாணயம் வைத்து நெருங்கி ஒன்று, பத்தடி பின்னால் போய், அந்த அடுக்கும் அதன் அயல் அடுக்குகளும், அருகே நிற்கும் வன்னிமரமோ எருக்கம்புதரோ தெரியும்படி மற்றொன்று. அப்படிப் பதிவானதை, அடுத்த ஆண்டு உங்கள் குறிப்பேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருபவரும் அதே இடத்தில் அதே அடுக்கில் கண்டுகொள்ள முடியும்.