மண்டி கலங்காமல் பழைய முசார் பாட்டிலைத் திறப்பது எப்படி?

லெபனான் நாட்டு ஷாட்டோ முசார் சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் கைக்கு வந்து, எப்படித் திறப்பது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திறந்த முதல் பாட்டிலில் பாதிக்கு மேல் கலங்கிவிட்டது. அவ்வளவு வருஷம் காத்திருந்த ஒயின் அப்படிப் போனதில் மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. அடுத்த பாட்டில் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது.

இதில் மண்டி, அதாவது அடியில் படியும் கசடு, இருப்பது குறை இல்லை. கேபர்நே சாவினியோன், சான்சோ, கரினியான் என்று மூன்று திராட்சை. மூன்றும் பெக்கா பள்ளத்தாக்கில் சுமார் 1000 மீட்டர் உயரத்தில் விளைகின்றன. தனித்தனியாக நொதித்து, ஓக் மரப் பீப்பாயில் ஒரு வருஷம் இருந்து, பிறகு ஒன்றாகக் கலக்கிறார்கள். வடிகட்டாமலே பாட்டிலில் அடைத்து, அறுவடையிலிருந்து ஏழாவது வருஷம்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். அதனால் வருஷம் ஏற ஏற அடியில் படியத்தான் செய்யும்.

முதல் வேலை, பாட்டிலை நிமிர்த்தி வைப்பது. குறைந்தது மூன்று நாள். படுக்க வைத்திருந்த பாட்டிலை அன்றைக்கே எடுத்துத் திறந்தால் என்ன செய்தாலும் கலங்கும்.

(பின்சேர்க்கை: வெயில் ஊரில் எங்கே நிமிர்த்தி வைப்பது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் கதவில் வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆடும். உள்தட்டில் ஓர் ஓரமாக வையுங்கள். ஊற்றும்போது 18 டிகிரி வாக்கில் இருந்தால் போதும், அதற்கேற்ப முன்னதாக வெளியே எடுத்துவிடுங்கள்.)

அடுத்தது கார்க். பழைய கார்க் ஊறிப்போய் மெத்தென்று இருக்கும். இரண்டு பக்கமும் கை தூக்குகிற ஓப்பனரை இதற்குத் தொடவே தொடாதீர்கள். அது நடுவில் துளைத்துப் பொடியாக்கிவிடும். என் கட்சி இரட்டைத் தகடு ஓப்பனர். மெல்லிய இரண்டு தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே அசைத்து அசைத்து இறக்கி, மெதுவாகத் திருகிக்கொண்டே இழுத்தால் முழுசாக வரும். அப்படியும் உடைந்தால் மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டு எவர்சில்வர் டீ வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். காபி ஃபில்டர் காகிதம் வேண்டாம், காகித வாடை ஒட்டிக்கொள்ளும்.

இப்போது நான் தவறிய இடம். தெளிய வைத்ததை இறுப்பது நமக்குப் புதிதில்லை, அடி கலங்காமல் தெளிவு ரசம் ஊற்றுகிற அதே கைதான். ஆனால் பாட்டிலுக்குக் கழுத்துக்குக் கீழே வளைகிற தோள் இருக்கிறது. நான் பாதி ஊற்றியதும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் பாட்டிலை நிமிர்த்தினேன். சரிந்திருந்த ஒயின் திரும்ப ஓடி அடி மண்டியில் மோதியது. அவ்வளவுதான். ஒருமுறை சாய்த்தால் கடைசிவரை நிமிர்த்தக் கூடாது.

மேசையில் மொபைல் டார்ச்சை மேல்நோக்கி எரியவிட்டு, பாட்டிலின் கழுத்து அந்த வெளிச்சத்துக்கு மேலே வரும்படி பிடியுங்கள். வாய் அகன்ற கண்ணாடி ஜாடி எதுவானாலும் சரி, சோப்பு வாடை மட்டும் இருக்கக் கூடாது. நூல் மாதிரி ஊற்றுங்கள். முதலில் செங்கல் நிறத்தில் சுத்தமாக ஓடும். கடைசியில் தோளருகே கரும்புகை மாதிரி ஒரு இழை நெளிந்து கழுத்தை நோக்கி வரும். அதைப் பார்த்த நொடியில் நிறுத்துங்கள். இரண்டு விரல் அளவு வீணாகும், போகட்டும்.

அந்த இரண்டு விரலுக்கு மனசு கேட்காதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காஸ்டன் ஹோஷார் 1930ல் தொடங்கிய நிறுவனம் இது. 1959 முதல் ஒயினைக் கவனித்தவர் அவர் மகன் செர்ஜ். தோட்டம் பெக்காவில், ஆலை பெய்ரூட்டுக்கு வடக்கே கசீரில், நடுவே மலை. உள்நாட்டுப் போர் நடந்த வருஷங்களிலும் திராட்சை லாரியில்தான் அந்த மலையைத் தாண்டி வந்தது. 1976ல் ஒயினே இல்லை. 1984ல் லாரிகள் வழியில் மாட்டி, பழம் லாரியிலேயே நொதிக்க ஆரம்பித்துவிட்டது. அப்படி வந்த ஒயினைக் கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டுக் கலக்கிவிடாதீர்கள்.

ஊற்றியதும் நகப்பூச்சு மாதிரி ஒரு காரமான வாசனை எழலாம். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், முசாரின் சுபாவம் அது. ஜாடியிலேயே இரண்டு மணி நேரம் விடுங்கள். என் பாட்டிலில் முதலில் அந்த நெடி அடங்கியது, அப்புறம் உலர்ந்த அத்திப்பழம், அதன் பின்னால் லேசாகப் பதனிட்ட தோல் வாசனை. மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் இரவு அத்தி இன்னும் தூக்கலாக இருந்தது.