வேலையை விடாமல் பள்ளித் தலைமையிலும் கல்விக் கொள்கையிலும் முனைவர் பட்டம்

முதலில் விண்ணப்பப் படிவத்தைத் தேடாதீர்கள். உங்கள் எம்.எட். அல்லது எம்.ஏ. கல்வியியல் மதிப்பெண் பட்டியலை எடுத்து 55 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் என்றால் 5 சதவீதம் தளர்வு உண்டு. இதெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2022 நவம்பரில் அறிவித்த விதிகளில் இருக்கிறது. பி.எச்டி.க்கு முன்னால் பலர் படித்த எம்.ஃபில். படிப்பையும் அந்த விதிகளோடு நிறுத்திவிட்டார்கள், அதனால் அதை முடித்துவிட்டுப் போகலாமா என்று யோசிக்க வேண்டாம்.

மதிப்பெண் சரியாக இருக்கிறதா? அப்படியானால் அடுத்தது நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து வாங்க வேண்டிய தடையின்மைச் சான்று, அதாவது எல்லோரும் சொல்கிற என்.ஓ.சி. வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆனால் வெறுமனே 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரி எழுதி வாங்கினால் போதாது, அதில் மூன்று விஷயங்கள் இருந்தாக வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இவருடைய அலுவல் வேலைகள் அனுமதிக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் (சேர்ந்ததும் படித்துத் தேற வேண்டிய பாடங்கள்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம். மூன்றாவது வாக்கியம் இல்லாமல் வாங்கி வந்து, மறுபடி முதலிலிருந்து கடிதம் எழுதி, அந்த வருட சேர்க்கையையே தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள், தலைமையாசிரியர் வழியாகவே மேலே அனுப்புங்கள், ஒப்புகைக் கையெழுத்து வாங்கிய நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ பி.எச்டி. என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள். விதியில் அதற்கு இடமே இல்லை.

நுழைவுக்கு யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதுவது நல்லது. 2024 ஜூனிலிருந்து, உதவிப் பேராசிரியர் தகுதி கிடைக்காவிட்டாலும் பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று ஒரு தனி வகை வைத்திருக்கிறார்கள். அந்த மதிப்பெண் ஓராண்டு செல்லும், அதற்கு 70 சதவீதமும் நேர்முகத்துக்கு 30 சதவீதமும் கணக்கில் வரும். கல்வியியல் பாடத்திட்டத்தில் ஒன்பதாவது அலகு முழுக்க நம்முடைய துறைதான்: கல்வி மேலாண்மை, நிர்வாகம், தலைமைத்துவம். டெய்லரிசம், பெர்ட், ஸ்வாட், ஃபீட்லரின் தலைமைத்துவ மாதிரி என்று மேலாண்மைக் கோட்பாடுகளும் திட்டமிடும் முறைகளும் அதில் வரும். பள்ளி நிர்வாகத்தில் பழகியவர்களுக்கு அந்த அலகு கைவரும்.

எங்கே சேர்வது? புது தில்லியில் இருக்கும் நீபா, அதாவது தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம், இந்தத் துறைக்கென்றே உள்ள நிறுவனம், பள்ளித் தலைமைக்கான தேசிய மையமும் அங்கேதான் இயங்குகிறது. தமிழ்நாட்டில் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், அழகப்பா பல்கலைக்கழகம் என்று வாய்ப்புகள் உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட ஆய்வு வழிகாட்டி முக்கியம் என்பேன். பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம், ஓய்வுபெற மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. போனில் பேசும்போதே காலியிடம் இருக்கிறதா, ஓய்வு எப்போது என்று கேட்டுவிடுங்கள், அதில் கூச்சப்பட எதுவுமில்லை.

இனி தலைப்பு. நான் முதலில் கொண்டுபோன தலைப்பு 'தலைமையாசிரியர்களின் தலைமைப் பண்பும் கல்வித் தரமும்'. எதை அளப்பீர்கள், எப்படி அளப்பீர்கள் என்று தலைப்பைப் பரிசீலித்த குழுவில் கேட்டார்கள், பதில் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'கழிப்பறைக்குத் தண்ணீர் மோட்டார் சரிசெய்ய வேண்டும்' என்ற தீர்மானம் ஜூலையில் இருந்தது, ஆகஸ்டில் இருந்தது, நவம்பரிலும் அதே வாசகம், கீழே அதே அம்மாக்களின் கையெழுத்து, இரண்டு பேருடையது கைநாட்டு. 2009 கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டப்படி எல்லாம் இருக்கிறது, ஆனால் மோட்டார் ஓடவில்லை. தீர்மானம் எங்கே நின்றுபோகிறது, அதைத் தலைமையாசிரியர் எப்படி நகர்த்துகிறார் என்பதுதான் என் ஆய்வுக் கேள்வியானது. கொள்கை, தலைமை இரண்டும் அந்த ஒரு பக்கத்திலேயே இருந்தன. உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும், எமிஸ் என்ற பள்ளி, மாணவர் விவரத் தளத்தின் பதிவிலோ காலை உணவுப் பதிவேட்டிலோ இடைநின்ற பிள்ளைகளின் பட்டியலிலோ தேடிப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு கோர்ஸ் ஒர்க், குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு நெறிமுறை பற்றிய பாடம் அதில் கட்டாயம், கோர்ஸ் ஒர்க்கில் 55 சதவீதம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன்னால் நின்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் 10 வருடம் வரை போகலாம், மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை தனியாக உண்டு.

தரவு சேகரிக்கப் போகும் முன் முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பிள்ளைகளிடம் பேசுவதாக இருந்தால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். தேர்வு மாதங்களில் எந்தப் பள்ளிக்கும் போகாதீர்கள்.

ஆய்வுக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயம் யுஜிசி விதியில் இப்போது இல்லை, ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். பிறர் எழுதியதோடு ஆய்வேடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. ஆய்வேட்டை வழிகாட்டியும் வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பேரும் மதிப்பிடுவார்கள், பிறகு வைவா என்ற வாய்மொழித் தேர்வு. சமர்ப்பித்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி, தாமதமானால் அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதலாம்.

பட்டம் கிடைத்ததும் ஆய்வேடு ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறிவிடும். அத்தோடு விட்டுவிடாமல் கண்டறிந்ததை நான்கு பக்கம் தமிழில் எழுதி, தகவல் தந்த பள்ளிகளுக்குக் கொடுங்கள். நான் கொடுத்த பள்ளிகளில் ஒன்றில் அடுத்த மாதக் கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, தீர்மானப் புத்தகத்திலேயே ஒட்டி வைத்திருந்தார்கள்.