கடை மெயிலைப் போடாதீங்க தம்பி

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தர்மபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் பிரவுசிங் சென்டர்களில் புது முகங்கள் தெரியும். பிரிண்டர் இது, ஸ்கேனர் இது, லேமினேஷன் மெஷின் சூடாக நேரமாகும் என்று காட்டிவிட்டு உரிமையாளர் வெளியே கிளம்பிவிடுவார். அப்புறம் வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பையனிடம்தான் கேட்பார்கள். “தம்பி, போன்ல நெட் வரல.” “கண்ணு, பேங்க்லருந்து ஏதோ மெசேஜ் வந்திருக்கு, என்னன்னு பாரு.” “சார், லேப்டாப் ஸ்லோவா இருக்கு.” அவனும் தெரிந்ததைச் சொல்வான், தெரியாததையும் சொல்வான்.

பாலக்கோட்டில் நான் கடை வைத்த காலத்தில் எல்லாரும் செய்த தவறுகளைத்தான் இன்றைய பிள்ளைகளும் செய்கிறார்கள். வைரஸ் பென் டிரைவ், லாட்டரி விழுந்ததாக வரும் மெசேஜ், ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கைக்கு வந்ததும் சரிசெய்ய ஆரம்பிப்பது

தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிற ஒருவர், எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதில்லை என்று சிவப்பாகக் காட்டுகிறது என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே ஒரு பையன் குரோமை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறான், ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறான், கடைசியில் பார்மட் பண்ணிவிடலாம் என்று சொல்லியிருக்கிறான். திரையின் வலது மூலையில் தேதியைப் பார்த்தேன். ஜனவரி ஒன்றாம் தேதி, பல வருடம் முந்தையது.

ஒவ்வொரு வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று ஆயுள் உண்டு. கம்ப்யூட்டரின் கடிகாரம் அதற்கு வெளியே நின்றால் பிரவுசர் உள்ளே விடாது. மண்டியில் ராத்திரி மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் நின்றதும் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தேன், எல்லா வெப்சைட்டும் திறந்தன. ஐந்து நிமிட வேலை அது. பார்மட் செய்திருந்தால் மண்டிக் கணக்கெல்லாம் போயிருக்கும். அதற்கப்புறமும் தேதி பழையபடிதான் நின்றிருக்கும்.

மவுசைத் தொடுவதற்கு முன், கொண்டு வந்தவரையே அந்தத் தவறைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். எங்கே தட்டுகிறார், என்ன வருகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தில் கடை மெயில், கடை நம்பர்

எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிற விஷயம் இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பதிவு செய்ய வருகிற பெண்ணுக்கு மெயில் ஐடி இருக்காது. அப்பா போன் வீட்டில் இருக்கும், அல்லது அப்பாவே பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். பையன் யோசிக்காமல் கடை மெயிலைப் போடுவான், கடை நம்பரைப் போடுவான், பாஸ்வேர்டும் கடைக்கென்று ஒன்று இருக்கும், எல்லாருக்கும் அதேதான். ஓடிபி அவன் கைக்கே வரும். வேலை சட்டென்று முடியும், அக்னாலெட்ஜ்மென்ட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவான். அந்தப் பெண்ணும் சந்தோஷமாகப் போய்விடும்.

வீட்டைக் கட்டிக் கொடுத்த கொத்தனார் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போனால் விடுவோமா? இங்கே விட்டுவிடுகிறோம்.

ஒரு ஆடிப்பெருக்கு அன்று பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்திருக்கிறது, அதை உறுதி செய்ய வேண்டும், மறுநாள் சாயங்காலம் கெடு. பாஸ்வேர்டு தெரியாது. மறந்துவிட்டது என்று கொடுத்தால் திரையில் ஒரு மெயில் ஐடியின் பாதி எழுத்துகள் தெரிந்தன. “இது யாரும்மா?” என்றால் அந்தப் பெண் விழிக்கிறது. பதிவு செய்த கடையின் மெயில் அது. நம்பரும் அந்தக் கடை நம்பர்தான்.

அந்தக் கடை பூட்டியிருந்தது. உரிமையாளர் குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருந்தார், போன் சுவிட்ச் ஆஃப். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, சேவை மையத்திலும் ஆள் இல்லை. மறுநாள் காலையில் போய்க் கடை வாசலில் நின்றிருக்கிறார்கள். அவர் வந்து திறந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. தற்காலிக ஒதுக்கீட்டை நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் நமக்கில்லை. பிளஸ் டூ வரை நன்றாகப் படித்த பெண், அந்த வருடம் கிடைத்த கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தது.

அந்தக் கடைக்காரரைப் பிறகு ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், கேட்டும்விட்டேன். “நம்ம மெயில்ல இருந்தா நம்மகிட்டதானேண்ணா திரும்ப வருவாங்க” என்று சிரித்தார். அவசரத்தில் செய்கிற பையனைக்கூட மன்னிக்கலாம். வாடிக்கையாளரைக் கட்டிப்போட என்றே இதைச் செய்கிறவர்களை என்ன சொல்வது?

இது கலந்தாய்வோடு நிற்பதில்லை. நீட் விண்ணப்பத்தில் மெயிலும் நம்பரும் மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்க வேண்டும் என்று தகவல் கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு 150 ரூபாய் கட்டினால் 5 வருடம் செல்லும். அந்த 5 வருடத்தில் கடை கைமாறலாம், மூடலாம், அந்த சிம்மே போய்விடலாம். ஓசூர் சிப்காட்டில் வேலையை விட்டு வந்து பிஎஃப் எடுக்க உட்காருகிறவருக்கும், பிஎம் கிசான் உதவித்தொகைக்கு இகேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) செய்ய வருகிற விவசாயிக்கும் ஓடிபி போவது ஆதாரில் இருக்கிற நம்பருக்கு. பிஎம் கிசானில் ஒரு தவணை 2,000 ரூபாய், வருடத்துக்கு 6,000. நம்பர் செத்துப் போயிருந்தால் நாம் மணிக்கணக்காக உட்கார்ந்தாலும் அந்த ஓடிபியை வரவழைக்க முடியாது.

நம்பர் எப்படிச் செத்துப்போகிறது என்பதையும் பசங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பையன்கள் பெங்களூர் போனதும் அங்கே ஒரு சிம் வாங்குவார்கள், ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் நின்றுவிடும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். அந்த நம்பர் பின்னால் வேறு யாருக்காவது போகும். அப்புறம் இவருடைய ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் போனில் போய் விழும்.

புது போன் விற்கிற கடைகளில் நடப்பது இதன் இன்னொரு முகம். பாட்டிக்கு போன் வாங்கிக் கொடுக்கிறார்கள். கடைக்காரர் வாயில் வந்த பெயரில் ஒரு ஜிமெயிலைத் துவக்கி, பிளே ஸ்டோரைத் திறந்து கொடுத்துவிடுவார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. பிறந்த தேதியையும் கைபோன போக்கில் தட்டியிருப்பார். 13 வயதுக்குக் கீழே என்று வந்துவிட்டால் கூகுள் கணக்கை முடக்கிவிடும். இரண்டு வருடம் கழித்துப் பாட்டி பேட்டர்னை மறப்பார். யாராவது பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் அடிப்பார்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதலே, அப்படி ரீசெட் ஆன போன் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். அது தெரியாவிட்டால் போன் உள்ளேயே விடாது. பேரன் கல்யாணப் படமெல்லாம் அந்தக் கணக்கில்தான் கிடக்கும். இலவசக் கணக்குக்காகப் போன் போட்டுக் கேட்கவும் கூகுளில் ஆள் கிடையாது.

என் கடையில் இப்போது நடைமுறை இதுதான். மெயில் இல்லையென்றால் முதலில் அவர் பெயரில் மெயில், அப்புறம்தான் விண்ணப்பம். நம்பர் அவருடையது, அல்லது வீட்டில் நிரந்தரமாக இருக்கிற ஒருவருடையது. அப்பா சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தால் மதியச் சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்து ஓடிபி கேட்போம். பிறந்த தேதி சான்றிதழில் உள்ளபடி. பாஸ்வேர்டை அவரே டைப் செய்ய வேண்டும், ஒரு விரலால் தேடித் தேடி அடித்தாலும் சரி. மீட்பு மெயிலாக அண்ணன், அக்கா யாருடையதாவது இருக்கட்டும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வீட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்வேன். எழுதி வைப்பதே தப்பு என்பார்கள் சில பேர். சாதாரண வீட்டில் நோட்டு திருடு போவதைவிட பாஸ்வேர்டு மறந்துபோவதுதான் பல மடங்கு நடக்கிறது.

கடைசியாக ஒன்று. கணக்கை லாக் அவுட் செய்து, அவரையே ஒருமுறை உள்ளே வரச் சொல்லுங்கள். இதில் தடுமாறினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். இதற்கெல்லாம் கால் மணி நேரம் கூடுதலாக ஆகும். அதற்குத் தனியாகக் காசு வாங்குங்கள், தப்பே இல்லை.

எதற்கும் பார்மட்

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டும் பார்மட்டில் அழிகிற சி டிரைவில்தான் இருக்கின்றன. “டி டிரைவைத் தொடலைண்ணா” என்பது பதிலாகாது. இன்னொன்று, விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் (கம்ப்யூட்டர் துவங்கும்போதே ஓடுகிற அடிப்படை அமைப்பில்) எதையாவது மாற்றிவிட்டால் 48 இலக்கச் சாவி கேட்டு நிற்கலாம். அந்தச் சாவி முதன்முதலில் போட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். விற்ற கடைக்காரர் அதையும் தன் மெயிலில் போட்டிருந்தால், மேலே சொன்ன கதை மறுபடி ஆரம்பம்.

கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடிக் கொடுப்பது

கூடாது. பாஸ்புக்கில், ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கிற நம்பர் மட்டும். காசு போய்விட்டது என்று ஓடி வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930.

மெமரி ஃபுல் என்றதும் படங்களை அழிப்பது

கூகுள் போட்டோஸுக்குள் போய் அழித்தால் போனிலும் போகும், பேக்கப்பிலும் போகும். பேக்கப் ஆனதை போனிலிருந்து மட்டும் எடுக்க, இடத்தைக் காலி செய்வதற்கென்று தனி வசதி அதிலேயே இருக்கிறது. யாராவது ஏற்கெனவே அழித்துவிட்டு வந்தால், பேக்கப் ஆன படங்கள் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். முதலில் அங்கே பாருங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்த இலவச 15 ஜிபிக்குள்தான் வருகிறது. நிரம்பியதும் மெயில் வருவதே நின்றுவிடும். மெயில் வரவில்லை என்று கேட்டு வருகிறவரிடம் நெட்டைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மாவட்டம்

தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965. கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004. பிறந்த ஊர் ஓசூராக இருந்தாலும் பழைய சான்றிதழில் தர்மபுரி மாவட்டம் என்றிருக்கும். அதைப் பார்த்து இன்றைய முகவரியிலும் தர்மபுரி என்று போட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். பிறந்த இடம் சான்றிதழில் உள்ளபடி, முகவரி இன்றுள்ளபடி.

போனின் மொழி

நமக்கு வசதியாக இங்கிலீஷுக்கு மாற்றினால், வேலை முடிந்ததும் பழைய மொழிக்கே மாற்றிக் கொடுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் கன்னடத்திலோ தெலுங்கிலோ வைத்திருப்பார்கள், மறுநாள் போனை எடுக்கவே தெரியாமல் தவிப்பார்கள்.

இங்கிலீஷ் எழுத்தாகக் குழம்பித் தெரிகிற தமிழ்

ஃபைல் கெடவில்லை. பாமினி, வானவில் மாதிரியான பழைய ஃபான்ட்டில் அடித்தது. அந்த ஃபான்ட்டைப் போடுங்கள், இல்லையென்றால் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

ஜெராக்ஸ் கண்ணாடியில் ஆதாரை விட்டுவிடுவது

எடுத்துக் கொடுங்கள்.

டவுன்லோட்ஸ்

எந்தக் கடை கம்ப்யூட்டரிலும் டவுன்லோட்ஸைத் திறந்து பாருங்கள், ஊர் ஆதார் எல்லாம் அங்கே இருக்கும். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்தானே என்று இருந்துவிடாதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், அப்புறம் பிறந்த வருடம், அவ்வளவுதான் அந்தப் பாஸ்வேர்டு. ஃபைலின் பெயரையே ஆளின் பெயராக மாற்றி வைக்கிற நம் வழக்கத்தால் அந்தப் பூட்டு இருந்தும் பயனில்லை. வாடிக்கையாளரின் மெயிலையோ டிஜிலாக்கரையோ திறக்க குரோமில் கெஸ்ட் விண்டோவைப் பயன்படுத்துங்கள். மூடியதும் லாகின் தடயம் போய்விடும். டவுன்லோட் ஆன ஃபைல் மட்டும் அப்படியே தங்கும், அதை நாம்தான் கையால் அழிக்க வேண்டும், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. ராத்திரி கல்லாவை எண்ணுவதற்கு முன் இதைச் செய்துவிட்டால் மறக்காது.