எரிபொருள் வரியில் சாலை போடுவது நியாயமா? இந்த விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சாலையைப் பயன்படுத்துகிறவர்தான் அதற்குப் பணம் கட்ட வேண்டும்" என்று சொன்னால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். அதே மூச்சில் "அப்படியென்றால் பெட்ரோல், டீசலுக்கு வரி போட்டுவிடலாம்" என்று சொன்னாலும் பெரிதாக மறுப்பு வராது. 1919இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், காலனுக்கு ஒரு சென்ட் வரி போட்டு அந்தப் பணத்தில் சாலை போடத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் அதே வழிக்கு வந்துவிட்டன. வண்டிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த, எல்லா வண்டியும் எண்ணெய் குடித்த காலம் அது. கணக்கு ஓரளவு சரியாகவே வந்தது.

இன்று அந்தக் கணக்கு இடிக்கிறது. வரி விழுவது லிட்டரின் மேல், செலவு வருவது சாலையில். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்காமலேயே நியாயம், அநியாயம் என்று வாதிடுவதுதான் இந்த விவாதத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

முதலில், எந்த நியாயத்தைப் பேசுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். எவ்வளவு தூரம் ஓட்டுகிறாரோ அவ்வளவு கட்டுவது ஒரு நியாயம். சாலையை எவ்வளவு சேதப்படுத்துகிறாரோ அவ்வளவு கட்டுவது இன்னொன்று. வசதிக்கு ஏற்பக் கட்டுவது மூன்றாவது. ஒருவர் முதலாவதை மனதில் வைத்து "நியாயமான வரி" என்பார், எதிரே இருப்பவர் மூன்றாவதை நினைத்து "ஏழை வயிற்றில் அடிக்கிற வரி" என்பார். ஒரு மணி நேரம் பேசினாலும் இருவரும் ஒரே விஷயத்தைப் பேசியிருக்க மாட்டார்கள்.

எண்ணெய் அதிகம் எரித்தால் சாலையும் அதிகம் தேயும் என்று நினைப்பது

இந்தத் தவறைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், சோதனைக்கென்றே சாலைகள் போட்டார்கள். வெவ்வேறு எடை ஏற்றிய லாரிகளை ராணுவ வீரர்களைக் கொண்டு அந்தச் சாலைகளில் ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து கிடைத்ததுதான் 'நான்காம் அடுக்கு விதி'. ஓர் அச்சின் மேல் இறங்கும் எடை இரட்டிப்பானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்காவதில்லை, ஏறக்குறைய பதினாறு (2 × 2 × 2 × 2) மடங்காகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.6 டன் எடையுள்ள கார். இரண்டு அச்சு, அச்சுக்கு 0.8 டன். பக்கத்தில் 16 டன் லாரி. அதற்கும் இரண்டு அச்சு, எடை சரிபாதியாக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் அச்சுக்கு 8 டன். அச்சு எடை பத்து மடங்கு, அதனால் சேதம் சுமார் பத்தாயிரம் மடங்கு. ஆனால் 100 கிலோமீட்டர் போக கார் 7 லிட்டர் எரித்தால் லாரி 25 முதல் 30 லிட்டர் எரிக்கும். அதாவது லாரி கட்டும் வரி நான்கு மடங்குதான்.

இன்னொன்று. 24 டன் சரக்கு வண்டியை மூன்று அச்சில் ஓட்டினால் அச்சுக்கு 8 டன். நான்காவது அச்சு ஒன்றைச் சேர்த்து அதே 24 டன்னைப் பரப்பினால் அச்சுக்கு 6 டன். நான்காம் அடுக்கு விதிப்படி மொத்தச் சேதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் கூடுதல் அச்சும் அதன் டயர்களும் வந்ததால் லாரி கொஞ்சம் கூடுதலாகத்தான் டீசல் குடிக்கும். ஆக, சாலையைக் காப்பாற்றிய லாரிக்காரருக்கு எரிபொருள் வரி தருவது பரிசு அல்ல, அபராதம்.

இதைப் படித்துவிட்டு மறுகோடிக்கு ஓடிவிடவும் கூடாது. நான்காம் அடுக்கு என்பது கைக்கணக்கு மாதிரி. சாலையின் வகையைப் பொறுத்து அது மாறும். தேங்கும் மழைநீரும் வெயிலும் வண்டியே ஓடாத சாலையையும் கெடுக்கும். அதோடு, சாலைச் செலவு என்பது தேய்மானத்தைச் சரிசெய்வது மட்டும் இல்லை. நிலம் வாங்குவது, அகலப்படுத்துவது, விளக்கு, சிக்னல், வடிகால் எல்லாம் உண்டு. சாலையை அகலமாக்கச் சொல்வது பெரும்பாலும் கார்களின் எண்ணிக்கைதான். தடிமனாக்கச் சொல்வதுதான் லாரி.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு விலை வைத்த நாடுகளும் இருக்கின்றன. நியூசிலாந்தில் 1970களின் இறுதியிலிருந்தே டீசல் வண்டிகளுக்குத் தூரத்தை வைத்துத்தான் சாலைக் கட்டணம். ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கனரக வண்டிகளுக்கு எடையையும் அச்சுகளின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் மாறும். தூரத்தை அளக்க லாரியின் சக்கரத்திலேயே ஒரு மீட்டர் பொருத்தியிருப்பார்கள். டீசலில் பாதி டிராக்டருக்கும் படகுக்கும் போனாலும் சாலைக்கான வரி அதில் ஒட்டிக்கொண்டு போகாது. சுவிட்சர்லாந்து 2001 முதல் கனரக வண்டிகளிடம் தூரம், எடை, புகை மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு வசூலிக்கிறது.

வரி கட்டினால் அந்தப் பணம் சாலைக்கே போகிறது என்று எடுத்துக்கொள்வது

பிரிட்டனில் 1920இல் சாலைக்கென்று தனி நிதி தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே நிதியமைச்சராக இருந்த சர்ச்சில் அதில் கை வைத்துவிட்டார். 1937இல் வாகன வரிப் பணம் பொதுக் கஜானாவோடு கலந்தது. இன்றைக்கு அங்கே பெட்ரோலுக்குக் கட்டும் வரி மருத்துவமனைக்கும் போகலாம், கடன் வட்டிக்கும் போகலாம். அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட வரியைப் 'பயன்படுத்துகிறவர் கட்டும் கட்டணம்' என்று நியாயப்படுத்த முடியாது, வேறு காரணம் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 1956இல் நெடுஞ்சாலை நிதியை அமைத்து எரிபொருள் வரியை அதற்கென ஒதுக்கியது. ஆனால் 2008 முதல் அந்த நிதியில் துண்டு விழ, பொதுப் பணத்தைக் கொட்டி ஈடுகட்டி வருகிறார்கள். சட்டத்தில் 'ஒதுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் போதுமானதாகிவிடாது.

இதே குழப்பத்தின் தெருமுனை வடிவம் ஒன்று உண்டு. சைக்கிளில் போகிறவரைப் பார்த்து "நீதான் சாலை வரியே கட்டவில்லையே, ஓரம் போ" என்பது. வீட்டு வாசலில் ஓடும் உள்ளூர்த் தெருக்களைப் பல நாடுகளில் சொத்து வரியும் பொது வரியும்தான் பராமரிக்கின்றன. அதைச் சைக்கிள்காரரும் கட்டுகிறார், நடந்து போகிறவரும் கட்டுகிறார்.

"ஏழைக்குப் பாரம்" என்பதை யாரைப் பற்றி என்று கேட்காமல் சொல்வது

வண்டியே இல்லாத குடும்பம் பங்க் பக்கம் போவதில்லை, ஆனால் வரி பேருந்துக் கட்டணத்திலும் சரக்குக் கூலியிலும் ஏறி அவர்களிடம் வந்து சேரும். பரம ஏழையிடம் வண்டி இல்லாத நாட்டில் நேரடிச் சுமை பெரும்பாலும் வசதியானவர் மேல்தான். எல்லோரிடமும் கார் இருக்கும் நாட்டில் கதையே வேறு: மைலேஜ் கொடுக்காத பழைய காரை ஓட்டுகிறவர், புதிய கார்க்காரரைவிட அதே தூரத்துக்குக் கூடுதலாக வரி கட்டுவார், அதுவும் குறைந்த வருமானத்திலிருந்து.

பிரான்ஸில் 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிக்காரர்கள் தெருவுக்கு வந்தது எரிபொருள் வரி உயர்வை எதிர்த்துத்தான். பேருந்தோ ரயிலோ போகாத ஊரில் இருந்துகொண்டு தினமும் வேலைக்குக் காரில் போகிறவர்களின் கோபம் அதில் பெரும்பங்கு. அடுத்த மாதமே அரசு அந்த உயர்வைக் கைவிட்டது. சராசரிக் கணக்கில் தாங்கக்கூடியதாகத் தெரியும் வரி, மாற்று வழி இல்லாதவரிடம் அபராதமாகப் போய்ச் சேர்கிறது.

விகிதத்தை வைத்துவிட்டு மறந்துவிடுவது

அமெரிக்காவின் மத்திய பெட்ரோல் வரி காலனுக்கு 18.4 சென்ட். 1993இல் வைத்தது, இன்னும் அதேதான். விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதால் அந்தப் பணத்தின் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. இடையில் கார்களும் முன்னேறின. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய கார் 20 ஓடினால் அதே சாலைக்கு வரி பாதிதான். வரியை யாரும் குறைக்கவில்லை, அதுவாகவே கரைந்தது. சரி, விலையில் சதவீதமாக வைத்துவிடலாமே என்றால், கச்சா எண்ணெய் ஏறும்போது மக்களுக்கு இரட்டை அடி, இறங்கும்போது சாலைத் துறைக்குத் துண்டு.

நெரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. நட்டநடு ராத்திரி காலியான சாலையில் ஓட்டினாலும், காலை ஒன்பது மணிக்கு ஊர் நடுவே ஓட்டினாலும் லிட்டருக்கு வரி ஒன்றுதான். அதை எரிபொருள் வரியால் தீர்க்க முடியாது என்பதால்தான் சிங்கப்பூர் 1975லேயே தனிக் கட்டணம் வைத்தது, லண்டன் 2003இல் வைத்தது.

மின்சார வண்டிக்கு ஏதாவது ஒரு கட்டணம் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவது

மின்சாரக் கார் எரிபொருள் வரி கட்டுவதில்லை, பேட்டரியின் எடையால் அதே அளவு பெட்ரோல் காரைவிடக் கனமாகவும் இருக்கும். ஆகவே 'ஓசிச் சவாரி' என்ற புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் சேதக் கணக்கில் லாரிக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தக் கூடுதல் கனம் ஒன்றுமே இல்லை. விடுபட்டுப்போவது சேதத்துக்கான பணம் என்பதைவிட, பயன்பாட்டுக்கான பணம் என்பதே சரி.

அதற்கு அமெரிக்க மாநிலங்கள் பலவும் பிடித்த குறுக்குவழி, ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டும் ஓய்வூதியக்காரரும் 40,000 ஓட்டும் டாக்சிக்காரரும் ஒரே தொகை கட்டுவார்கள். ஓட்டுகிற அளவுக்குக் கட்டுவது என்று எரிபொருள் வரியிடம் இருந்த நல்ல குணமும் இதில் போய்விட்டது.

தூரத்துக்கு ஏற்ற கட்டணம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு புகழக் கூடாது. எரிபொருள் வரியை விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களிடம், கிடங்கு வாசலிலேயே வசூலித்துவிடலாம். யார் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தூரக் கட்டணத்துக்கு லட்சக்கணக்கானவர்களிடம் மீட்டர் கணக்குக் கேட்க வேண்டும், ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க வேண்டும். யாருக்கு அதிகாரம் என்ற சட்டச் சிக்கலும் வரும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021இல் மின்சார வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் போட்டது. அப்படி வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2023 அக்டோபரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

ஐஸ்லாந்து 2024இல் மின்சாரக் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 6 குரோனா வைத்தது. பேட்டரியும் பெட்ரோலும் இரண்டும் கொண்ட, செருகிச் சார்ஜ் ஏற்றும் வண்டிகளுக்கு 2 குரோனா மட்டும். நியூசிலாந்தும் அதே ஆண்டு ஏப்ரலில் மின்சாரக் கார்களைத் தன் தூரக் கட்டணத்துக்குள் கொண்டுவந்தது: ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர், இரட்டை வண்டிகளுக்கு அதில் பாதி, 38. அந்த வண்டிக்காரர்கள் பங்கில் பெட்ரோல் போடும்போது ஒருமுறை வரி கட்டிவிடுகிறார்களே, அதே சாலைக்கு இரண்டாவது முறை முழுதாகக் கேட்கக் கூடாது என்பதுதான் அந்தச் சலுகைக்குக் காரணம்.